ஆளுக்கு ஒரு கட்டம், ஆளுக்கு ஒரு பந்து

ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு எதுவும் கடலுக்குள் போகாது. பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை லீவும் இதே சமயம்தான். இனிப் பொழுதுக்கும் ஃபுட்பால்தான் என்று அதுகள் துள்ளிக்கொண்டு வரும் நேரம் பார்த்து மைதானம் கைவிட்டுப் போய்விடும். படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிப்பவர்கள் ஒரு பக்கம், வலையை விரித்துப் போட்டுக் கிழிசல் பார்ப்பவர்கள் ஒரு பக்கம். கோல் போஸ்ட்டில் கயிற்றின் ஒரு நுனியைக் கட்டி இழுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த இடம் முதலில் வலை விரிக்கும் திடல்தான். கோல் போஸ்ட் பின்னால் வந்தது.

புதிதாக வாசிப்பவர்களுக்கு: நான் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். தங்கச்சிமடத்துக்கும் பாம்பனுக்கும் நடுவில், வடகடல் பக்கம் எங்கள் ஊர். சாயங்காலம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் சொல்லித் தருகிறேன். எட்டு வயது முதல் பதின்மூன்று வயது வரை, ஆணும் பெண்ணும் கலந்து வருவார்கள். பக்கத்தில் ஒரு பள்ளியில் நல்ல மைதானம் இருக்கிறது; லீவு விட்டால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அந்தக் கதை வேண்டாம்.

கிடைத்தது கருவாட்டுத் தளம். விசைப்படகு போகாததால் காரல் மீன் வரத்து குறைந்துவிடும். கருவாடு காயப்போடும் சிமெண்ட் தளத்தில் பாதி காலியாகக் கிடக்கும். நாட்டுப்படகு மீன் மட்டும் ஒரு ஓரத்தில் காயும். அங்கே வேலை பார்க்கும் அக்காமாரிடம் பேசி ஒரு ஒப்பந்தம் போட்டோம். ஐந்து மணிக்கு மேல் அவர்கள் அள்ளி முடித்ததும் தளத்தைக் கூட்டிப் பெருக்குவது எங்கள் பொறுப்பு, அப்புறம் இருட்டும் வரை இடம் எங்களுக்கு. பெருக்குவது உபகாரத்துக்காக மட்டும் இல்லை. உப்பும் செதிலும் கிடந்தால் வெறுங்கால் வழுக்கிக்கொண்டு போகும். ஐந்து மணிக்கு முன்னால் அந்தச் சிமெண்டில் கால் வைக்கவும் முடியாது, சூடு அப்படி.

எங்களுக்குக் கிடைத்த பாதி, இரண்டு பேட்மிண்டன் கோர்ட்டுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். விதிப்படி ஃபுட்பால் மைதானம் 90 முதல் 120 மீட்டர் நீளமும் 45 முதல் 90 மீட்டர் அகலமும் இருக்கலாம். அதை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தால் லீவு முடிந்துவிடும். சாக்பீஸால் கட்டம் போட்டேன். 3 மீட்டர் சதுரம். ஆளுக்கு ஒரு கட்டம், ஆளுக்கு ஒரு பந்து. கட்டத்தின் மூலையில் பழைய வலையில் இருந்து கழற்றிய மிதவைகளை வைத்தோம். கடையில் விற்கும் பிளாஸ்டிக் கோன் எங்கள் ஊர்க் காற்றில் பறந்துவிடும். கல் கட்டிய மிதவை பறக்காது.

சின்னப் பிள்ளைக்குச் சின்னக் கட்டம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நான் செய்வது தலைகீழ். எட்டு வயதுப் பிள்ளையின் டச் கனமாக இருக்கும். பந்து காலை விட்டு ஓடும். அதனால் அவர்களுக்கு அரை மீட்டர் கூட்டித் தருவேன். பெரியவர்களுக்குத்தான் கட்டம் குறுகும். கட்டம் குறுகுவதைப் பதவி உயர்வாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

ஏன் நேராக மேட்ச் விடவில்லை என்று கேட்கலாம். ஒரு பந்தைப் போட்டு இருபது பிள்ளைகளை விட்டால் என்ன நடக்கும் என்று எந்த பி.டி. டீச்சருக்கும் தெரியும். பலமான மூன்று பேர் பந்தை வைத்திருப்பார்கள், பத்துப் பேர் பின்னாலேயே கூட்டமாக ஓடுவார்கள், மிச்சப் பேர் இடுப்பில் கை வைத்து நிற்பார்கள். பெரிய தொழில்முறை ஆட்டத்தில்கூட 90 நிமிடத்தில் ஒருவர் காலில் பந்து இருப்பது சில நிமிடம்தான். எங்கள் ஊர்க் கூட்டத்தில் கடைசிப் பிள்ளைக்கு அதுவும் வராது. கட்டத்தில் நின்றால் அந்தக் கடைசிப் பிள்ளையின் காலிலும் பந்து விடாமல் இருக்கும்.

பந்து சேர்த்ததுதான் பெரிய பாடு. எண் 3, எண் 4, எண் 5 என்று கலந்து கிடக்கிறது எங்களிடம். சின்னவர்களுக்கு 3, நடுவில் உள்ளவர்களுக்கு 4, மிச்சம் 5. ஊரைச் சுற்றிச் சீமைக்கருவேலம். ஒரு தப்பான உதை, பந்து வேலிப் பக்கம் போனால் முள் ஏறிவிடும். தையல் பந்து என்றால் சைக்கிள் கடைக்காரர் பிரித்து பிளாடருக்கு ஒட்டுப் போட்டுத் தருவார்; முழு ரப்பர் பந்தைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்குவார். கட்டத்தில் ஆடத் தொடங்கிய பிறகு முள் குத்துவது பெரிதும் குறைந்தது. இது நான் எதிர்பார்க்காத லாபம்.

சிமெண்டில் பந்து குதிக்கும். அதற்கு ஒரு வழி, காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுவது. ஃபுட்சால் என்று அணிக்கு ஐந்து பேர் சின்னக் களத்தில் ஆடும் ஃபுட்பால் உண்டு. அந்தப் பந்து இப்படித்தான், குறைவாகக் குதிக்கும்படி செய்திருப்பார்கள். 2 மீட்டர் உயரத்தில் இருந்து போட்டால் முதல் குதிப்பு 50 முதல் 65 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. எங்களிடம் ஃபுட்சால் பந்து இல்லை. ஒரு பையன் பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் போடுவான். முழங்கால் தாண்டி எழும்பினால் காற்றை இறக்கு, அவ்வளவுதான். அந்த ஃபுட்சாலே இடமில்லாமல் பிறந்த ஆட்டம்தான். 1930-இல் உருகுவேயின் மொண்டேவிடியோவில், ஒய்.எம்.சி.ஏ. கூடத்துக்குள் ஆடுவதற்காக ஹுவான் கார்லோஸ் செரியானி உருவாக்கினார். அவரும் வாத்தியார்.

கட்டத்துக்குள் முதலில் செய்வது எல்லாம் பந்தோடு பழக்கம். பந்தின் தலையில் இரண்டு உள்ளங்காலும் மாறி மாறித் தொடுவது ‘தட்டு’. இரண்டு பாதத்தின் உள்பக்கத்துக்கும் நடுவில் பந்து போய்வருவது ‘மணி’. உள்ளங்காலால் பந்தைப் பக்கவாட்டில் உருட்டிக்கொண்டே நகர்வது ‘நண்டு’. பின்னால் இழுத்துத் திரும்புவது ‘இழுப்பு’. உள்பாதத்தால் திருப்பினால் உள்வெட்டு, வெளிப்பாதத்தால் திருப்பினால் வெளிவெட்டு. இந்தப் பெயரெல்லாம் பிள்ளைகள் வைத்தது. 1974 உலகக்கோப்பையில் சுவீடனுக்கு எதிராக நெதர்லாந்தின் யோஹான் க்ரைஃப் செய்த திருப்பம் இருக்கிறதே, பாஸ் கொடுப்பதாகக் காலை ஓங்கிவிட்டு, ஊன்றுகாலுக்குப் பின்னால் பந்தைத் தள்ளித் திரும்புவது, அதற்கு எங்கள் தளத்தில் ‘ஏமாத்து’ என்று பெயர்.

விதி ரெண்டே ரெண்டு. அடுத்தவர் கட்டத்துக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. பந்து கோட்டைத் தாண்டினால், எடுத்து வந்து பழக்கமில்லாத காலால் தொடங்க வேண்டும். நான் கத்த வேண்டிய முக்கால்வாசியை இந்தக் கோடு பார்த்துக்கொள்கிறது. முன்பெல்லாம் “பந்தைக் கிட்ட வை, கிட்ட வை” என்று தொண்டை கிழியும். 3 மீட்டர் கட்டத்தில் இரண்டு எட்டுக்குமேல் ஒரே திசையில் போக முடியாது, திரும்பியே ஆக வேண்டும். முழங்கால் தானாக மடங்குகிறது. டச் தானாகச் சின்னதாகிறது.

தானாக வராதது ஒன்று உண்டு, தலை நிமிர்வது. பந்தோடு பழகும் பிள்ளை பந்தையே பார்க்கும். அதற்கு நான் தளத்தைச் சுற்றி நடந்துகொண்டே விரல் காட்டுவேன். எத்தனை விரல் என்று பந்தை நிறுத்தாமல் சொல்ல வேண்டும். பேசாமல் நடப்பேன், எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று அவர்கள்தான் தேட வேண்டும். இதைச் சேர்த்த பிறகு ‘தட்டு’ அருமையாகச் செய்துகொண்டிருந்த இரண்டு பேர் தடுமாறினார்கள், சுமாராகச் செய்துகொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்து நின்றான். பெரிய ஆட்டக்காரர்கள் பந்து வருவதற்கு முன்னாலேயே தோளுக்கு மேல் சுற்றிப் பார்த்து வைத்துக்கொள்வார்கள் என்று டிவியில் காட்டியிருக்கிறேன். கேமரா பந்தையே துரத்துவதால் அது டிவியில் சரியாகத் தெரியவும் தெரியாது.

இங்கே ஒரு சர்ச்சையைச் சொல்ல வேண்டும். எதிராளி இல்லாமல் தனியாகப் பந்து உருட்டுவது வீண் என்று சொல்லும் பயிற்சியாளர்கள் இப்போது நிறைய. ஆட்டத்தில் எதிராளியும் கூட்டாளியும் இருக்கிறார்கள், அதைக் கழித்துவிட்டுக் கற்ற திறமை ஆட்டத்தில் உதவாது என்பது அவர்கள் வாதம். எதிர்ப்பக்கம் நெதர்லாந்துக்காரர் வீல் கூர்வர் வழி. 1974-இல் ஃபெயனூர்ட் அணிக்கு யூஃபா கோப்பை வாங்கித் தந்தவர். பெரிய ஆட்டக்காரர்களின் படச்சுருள்களைப் போட்டுப் போட்டுப் பார்த்து, அவர்களுடைய அசைவுகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, யாருக்கும் சொல்லித் தரலாம் என்று காட்டியவர். கயிறு மேல் நடப்பவளாக நான் நடுவில் நிற்கவில்லை. எனக்கு ஒரு கட்சி உண்டு. பந்தைத் தொட்டே பழகாத பிள்ளைக்கு முதல் நாளே எதிராளியைக் கொடுத்தால் அது கற்றுக்கொள்வது பயம்தான். அதனால் முதலில் கூர்வர். ஆனால் தனியாக உருட்டுவதில் கெட்டிக்காரியானவள் அதிலேயே தங்கிவிடக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் ஆனதும் கள்ளனை இறக்கிவிடுவேன்.

கள்ளன் என்றால் பந்து இல்லாத ஆள். விசில் அடித்ததும் எந்தக் கட்டத்துக்குள்ளும் புகுந்து பந்தைப் பறிக்கலாம். பறிகொடுத்தவர் அடுத்த கள்ளன். சற்று முன் பழகிய ‘இழுப்பு’ எதற்கு என்று அப்போதுதான் அதுகளுக்கு விளங்கும். 3 மீட்டருக்குள் ஓடித் தப்ப முடியாது. உடம்பைக் கள்ளனுக்கும் பந்துக்கும் நடுவில் வைக்க வேண்டும், திரும்ப வேண்டும், மறுபடி திரும்ப வேண்டும்.

ஐஸ் லோடு அடிக்கும் டிரைவர் ஒருவரின் மகள் வருகிறாள். மைதானத்தில் மேட்ச் நடந்தால் மூலைக்கொடி நிற்க வேண்டிய இடத்தில் இவள் நிற்பாள். பந்து பக்கத்தில் வந்தால் ஒதுங்குவாள், பையன்கள் இடித்துத் தள்ளிவிடுவார்கள் என்று. கட்டத்துக்குள் அவளை யாரும் இடிக்க முடியாது, அது அவள் இடம். கள்ளன் வந்த முதல் சாயங்காலம் அவள் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டாள்! எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். இப்போது அவள் கட்டத்துக்குப் பையன்கள் யோசித்துத்தான் வருகிறார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு, பந்தைத் தூரக்காலில், அதாவது கள்ளனுக்கு எட்டாத காலில் வைத்து, அப்படியே சுற்றுவாள். அவள் அம்மாவுக்கு நான் இந்துமதி கதிரேசனின் வீடியோ காட்டினேன். கடலூர்க்காரப் பெண், இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர், தமிழ்நாடு போலீஸில் எஸ்.ஐ. எஸ்.ஐ. என்ற சொல்தான் அம்மாவிடம் வேலை செய்தது. பரவாயில்லை.

பாஸுக்குக் கட்டங்களைத் தள்ளித் தள்ளிப் போடுவேன். இரண்டு கட்டங்களுக்கு நடுவில் 5 மீட்டர். பந்து தரையோடு போக வேண்டும், வாங்குபவரின் முதல் டச் கட்டத்துக்குள் நடக்க வேண்டும், டச்சுக்குப் பிறகும் பந்து உள்ளேயே இருக்க வேண்டும். மூன்றும் நடந்தால் ஜோடிக்கு ஒரு புள்ளி. நடக்காவிட்டால் யார் தப்பு என்று நான் சொல்வதே இல்லை. “நீ வேகமா அடிச்ச”, “நீ சரியா வாங்கல” என்று அவர்களே அடித்துக்கொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் சண்டை மாறி, “என் வலக்காலுக்குக் குடு”, “இன்னும் மெதுவா” என்று பேச்சு திரும்பும். அதற்காகத்தான் நான் வாயை மூடிக்கொண்டிருப்பது.

ஊன்றுகாலின் விரல், பந்து போக வேண்டிய கட்டத்தைப் பார்க்க வேண்டும். கணுக்காலை இறுக்கி, பாதத்தின் உள்பக்கத்தால் பந்தின் நடுவில் தட்ட வேண்டும். அடியில் தட்டினால் எழும்பிவிடும். எழும்பிய பந்தைக் காற்று கொண்டுபோய்விடும். மே மாதத்துக்கு மேல் கச்சான் காற்று எழும்பினால் எங்கள் பக்கம் என்ன நிலைமை என்று ராமநாதபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்று கூடினால் பாம்பன் பாலத்தில் ரயிலையே நிறுத்திவைப்பார்கள். அரைக் கிலோகூட இல்லாத பந்து எம்மாத்திரம். தரையோடு பாஸ் கொடு என்று சொல்ல எனக்குத் தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை.

வாங்குவது கொடுப்பதைவிடக் கஷ்டம். பந்துக்கு நேராக நெஞ்சைக் காட்டி நின்றால் வந்த வழியே திருப்பி அனுப்ப மட்டும்தான் முடியும். கொஞ்சம் பக்கவாட்டில் நின்று, பந்தைத் தன்னைத் தாண்டவிட்டுத் தூரக்காலால் வாங்கினால் அதே டச்சில் மறுபக்கம் திரும்பிவிடலாம். கட்டத்தின் பின்கோடு முதுகுக்குப் பின்னால் இருப்பதால், தாண்டவிடும் தைரியம் சீக்கிரம் வராது.

தடைக்காலத்தில் அப்பாக்கள் ஊரில் இருப்பார்கள். தளத்தின் திண்டில் வரிசையாக உட்கார்ந்து கருத்துச் சொல்வார்கள். விசைப்படகு டிரைவர் ஒருவர் கேட்டார். “டீச்சர், இப்படிக் கட்டத்துக்குள்ளயே உருட்டிக்கிட்டுக் கிடந்தா கோல் எப்பத்தான் போடுறது?”

“வாங்கண்ணே, ஒரு தடவை உள்ள நின்னு பாருங்க.”

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். எதிர்க் கட்டத்தில் அவர் மகன். அவன் தட்டிய பந்து அப்பாவின் காலில் பட்டுத் தெறித்துக் கருவாட்டுப் பக்கம் ஓடியது. அடுத்ததும் அப்படியே. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மனிதர் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பந்து தொடும்போது காலைப் பின்னுக்கு வாங்கினார். பந்து நின்றது. திண்டில் இருந்தவர்களைப் பார்த்து, “ஜெட்டியில படகை அணைக்கிற மாதிரிதான்டா. எஞ்சினை முன்னாடியே குறைச்சிரணும். வந்தப்புறம் குறைச்சா இடிச்சிரும்” என்றார். முதல் டச்சைப் பற்றி நான் பயிற்சி வகுப்புகளில் கேட்ட எல்லா விளக்கத்தையும்விட இது தேவலை. இப்போது தளத்தில் “எஞ்சினைக் குறை!” என்பதுதான் கூப்பாடு. நான் சொல்வதைவிடப் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

பாஸிலும் கள்ளன் உண்டு. நாலு கட்டம் நாலு மூலையில், நடுவில் ஒருவன். முதலில் அவன் இடைவெளியில் மட்டும் நின்று பந்தை மறிக்கலாம், கட்டத்துக்குள் புகக் கூடாது. அப்புறம், பந்து எந்தக் கட்டத்துக்குள் போகிறதோ அதற்குள் அவனும் புகலாம் என்று விதியைத் தளர்த்துவேன். அப்போது வாங்குகிறவள் பந்து வருவதற்கு முன்பே அடுத்து யாருக்கு என்று பார்த்து வைத்திருக்க வேண்டும். கொடுத்தவர்களுக்கும் ஒரு கடமை, “ஆளுடா!” என்று எச்சரிப்பது. சுற்றி நிற்பவர்கள் நடுவில் நிற்பவரிடம் சிக்காமல் பாஸ் கொடுத்துக்கொள்ளும் பயிற்சிக்கு ரோண்டோ என்று பெயர். க்ரைஃப் பார்சிலோனாவில் பயிற்சியாளராக இருந்தபோது ஊன்றிவைத்த அந்த ரோண்டோவின் கட்டம் போட்ட தம்பி என்று இதைச் சொல்லலாம்.

ஜூன் 14-க்குப் பிறகு எல்லாம் இடம் மாறியது. படகுகள் போயின, காரல் வந்தது, தளம் கருவாடால் நிறைந்தது, மைதானம் காலியானது. பெரிய மேட்ச் வேண்டும் என்று பிள்ளைகள் குதித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மேட்ச், மற்ற நாள் முதலில் கட்டம் என்று முடிவானது. சாக்பீஸுக்குப் பதில் பழைய வலைக்கயிற்றைத் தரையில் முளையடித்துக் கட்டினோம். மணல் கலந்த தரையில் பந்து சோம்பலாக உருளும். சிமெண்டில் மெதுவாகத் தட்டப் பழகியவர்களின் பாஸ் பாதி வழியில் நின்றுபோனது. இடைவெளியை 4 மீட்டராகக் குறைத்தேன், ‘நண்டு’ மணலில் வராது என்று விட்டுவிட்டோம். இறக்கிய காற்றை மறுபடி ஏற்றினோம்.

ஞாயிறு மேட்ச்களில் கட்டத்தின் குறையும் தெரிந்தது. தூரத்துப் பாஸ் யாருக்கும் வரவில்லை. காலி இடத்துக்குள் ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. பந்து காலுக்கே வரும் என்று நிற்கிறார்கள். கோல் முன்னால் பந்து கிடைத்தாலும் இன்னும் ஒரு ‘ஏமாத்து’ போட்டுப் பார்க்கிறான் ஒருவன். அவன் அப்பா திண்டில் இல்லை, கடலில் இருக்கிறார். இருந்திருந்தால் கோல் எப்பத்தான் என்று மறுபடி கேட்டிருப்பார். இதற்கெல்லாம் வேறு பயிற்சி வேண்டும், மைதானம் இருக்கும் மாதங்களில் அதைச் செய்கிறோம். ஆனால் கூட்டமாகப் பந்தின் பின்னால் ஓடுவது குறைந்திருக்கிறது. நெருக்கடியில் பந்து கிடைத்தால் கண்ணை மூடி உதைக்காமல், ஒருமுறையாவது திரும்பிப் பார்க்கிறார்கள்.

பதின்மூன்று வயதுக்காரர்களுக்குக் கட்டத்தை இரண்டரை மீட்டராக்கிவிட்டேன். அதில் ஒருவன் ஒரு கள்ளன் போதாது, இரண்டு கள்ளனை விடுங்கள் டீச்சர் என்று நச்சரிக்கிறான். இரண்டரை மீட்டரில் மூன்று பேர் நின்றால் பந்தைவிடக் கணுக்கால்தான் அதிகம் உதைபடும் என்பது என் கணக்கு. கட்டத்துக்கு வெளியே ஒரு கூட்டாளியையும் சேர்த்துத் தந்தால் சரிவரலாம். அக்டோபரில் மழை பிடித்து மைதானம் சேறாகி, மறுபடி எங்காவது ஒரு கூரைக்கு அடியில் ஒண்டும்போது பார்க்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.